ஓட்டை போடாத டிஸ்க்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். என் பெண், அதாவது உங்கள் மருமகள், தினமும் போனில் பேசுகிறாள். ஆறாம் மாதம் நல்லபடியாகப் போகிறதாம்.

ஒன்றரை வருடமாக நமக்குள் பேச்சு இல்லை. திடீரென்று என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். கெட்ட செய்தி எதுவும் இல்லை. ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன்.

லிஃப்ட் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் முப்பது வருடப் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து ஓட வைக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். பின் அறையில் நான்கு வைத்திருக்கிறேன். அதில் மூத்தது, என் பெண் சின்ன வயதில் இரண்டு விரலால் தட்டிப் பழகியது, சென்ற மாதம் படுத்துவிட்டது. உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. இப்போது கடையில் கிடைக்கும் டிஸ்க் அதற்கு ஆகாது. அந்தக் காலத்து மிஷினுக்கு ஐந்நூறு எம்.பி.க்கு மேல் எண்ணத் தெரியாது. அதைவிடப் பெரியதைப் பொருத்தினால், 'அப்படி ஒன்று இங்கே இல்லவே இல்லை' என்று சாதிக்கிறது.

அந்தக் காலத்து டிஸ்க் வேண்டுமென்றால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குள்தான் தேட வேண்டும். அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பழைய கம்ப்யூட்டர்களை அள்ளி வந்து பிரித்துப்போடுவது தங்கள் தொழில். தங்கள் பட்டறையில் ஏதாவது ஒரு சின்ன டிஸ்க், ஓட்டை விழாமல் தப்பித்திருந்தால், தயவுசெய்து அனுப்பி வைக்கவும்.

கல்யாணத்தன்று நடந்ததைப் பற்றி நான் இங்கே எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்


ஜனவரி 17

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. 'தப்பித்திருந்தால்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை வருடத்தில் நாக்கு கொஞ்சமும் மாறவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

கல்யாணத்தன்று நடந்ததை நீங்கள் எழுதாவிட்டால் போகட்டும், நான் எழுதுகிறேன். சாப்பாட்டு மேசையில் என் பக்கத்து உறவு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பழைய டிஸ்க்குகளைத் திறந்து நீங்கள் படித்த கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். எவரோ ஒரு குமாஸ்தா ஒரே தலைவலிக்குப் பதினான்கு விடுப்புக் கடிதம் தயாராக எழுதி வைத்திருந்தாராம். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் பக்கம் கையை நீட்டி, "நம்ம சம்பந்தியம்மா கையில மாட்டியிருந்தா எல்லாம் போச்சு. டிஸ்க்குக்குன்னே தனியா கசாப்புக் கடை வச்சிருக்காங்க!" என்றீர்கள். மேசையே குலுங்கியது. என் நாத்தனார் இன்றுவரை போன் எடுத்தால், "கசாப்புக் கடையா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

"ஊரார் பெட்டியைத் திறந்து மோந்து பாக்கறதுக்குக் கசாப்பு எவ்வளவோ மேல்" என்று நான் திருப்பிச் சொன்னதும் உண்மை. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

என் தொழில் என்னவென்று உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஒரு அலுவலகம் தன் பழைய கம்ப்யூட்டரை என்னிடம் தரும்போது அதில் ஆயிரம் பேருடைய விலாசம், வியாதி, குடும்பச் சண்டை எல்லாம் இருக்கும். அது வெளியே போகாது என்று நான் வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு டிஸ்க்கையும் டிரில்லுக்கு அடியில் வைத்து நடுத்தட்டு வரை ஓட்டை போட்டு, 'அழிப்புச் சான்று' எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். பதினெட்டு வருடத்தில் ஒரு டிஸ்க் கூட ஓட்டை இல்லாமல் என் வாசலைத் தாண்டியதில்லை. உங்களுக்காகவும் தாண்டாது.

மருமகளிடம் புளிப்பாக எதையாவது தின்றுகொண்டே இருக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நான் சொன்னால் சிரிக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகனின் அம்மா


ஜனவரி 24

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை நான் ஒரு முறையும் என் மனைவி மூன்று முறையும் படித்தோம். படித்துவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு டிஸ்க் வேண்டும் என்பது பாதிதான். மீதிப் பாதி, நம் பெண் போட்டிருக்கும் உத்தரவு. "குழந்தை பொறந்ததும் நீங்களும் அத்தையும் ஒரே வண்டியில ஒண்ணா வந்து இறங்கினா பாக்க விடுவேன். தனித்தனியா வர்றதா இருந்தா போட்டோ அனுப்பறேன், சுவத்துல மாட்டிக்குங்க" என்கிறாள். சும்மா மிரட்டுகிறாள் என்று இரண்டு வாரம் இருந்தேன். அவள் குணம் எனக்குத் தெரியும், அது என் குணம்தான். மிரட்டல் இல்லை.

உங்கள் ஊரில் புறப்படும் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் அவர்கள் ஊருக்குப் போகிறது. ஒரே வண்டியில் ஏறுவது கஷ்டமில்லை. ஏறிய பிறகு ஆறு மணி நேரம் எதிரெதிரே உட்கார வேண்டுமே, அதுதான் கஷ்டம். "டிஸ்க்கையாவது கேளுங்க, பேச்சாவது ஆரம்பிக்கும்" என்று யோசனை சொன்னவள் என் மனைவி.

மன்னிப்புக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் கிழித்துப்போட்டேன். எப்படி ஆரம்பித்தாலும் 'நான் தமாஷுக்குத்தான் சொன்னேன்' என்ற வரி எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. "அந்த வரி இருந்தா அது மன்னிப்பே இல்லை" என்கிறாள் வீட்டில். எனவே அது இன்னும் பாக்கி இருக்கிறது.

டிஸ்க் அனுப்ப முடியாவிட்டால் பரவாயில்லை. பதில் மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் அப்பா


பிப்ரவரி 6

சம்பந்திக்கு,

வணக்கம். அதே உத்தரவு எனக்கும் வந்திருக்கிறது. என்னிடம் சொல்லும்போது 'சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்' என்ற பகுதியை மட்டும் மருமகள் மரியாதைக்காக விட்டுவிட்டாள்.

உங்களுக்கு டிஸ்க் தருவதில்லை என்று எழுதியபிறகு எனக்குப் பட்டறையில் வேலை ஓடவில்லை. பின்பக்கம் ஒரு மரப்பெட்டி வருடக்கணக்காகக் கிடக்கிறது. ஒரு சரக்கு லாரி அலுவலகம் மூடியபோது கொடுத்தது. அதில் உங்கள் மிஷின் எண்ணக்கூடிய அளவில் சின்ன டிஸ்க்குகள் ஏழு இருக்கின்றன. இவற்றின் உள்ளே இருப்பதை அழித்து, துடைத்துக் கொடுக்க என்னால் முடியாது. என்னிடம் இருக்கும் கம்ப்யூட்டர்களில் அந்தக் காலத்து டிஸ்க்கின் பட்டை ஒயர் செருகும் இடமே கிடையாது. துடைக்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டில்தான் துடைக்க வேண்டும்.

அந்த அலுவலகத்தின் பழைய மேனேஜரைத் தேடிப்பிடித்துப் போனில் கேட்டேன். "அம்மா, கம்பெனியே போயிடுச்சு, டிஸ்க்கா பெருசு?" என்றார். ஆபீஸ் போனாலும் நான் கொடுத்த வாக்கு போகவில்லை என்றேன். உள்ளே இருப்பதை யாரும் பார்க்காமல் அழித்துவிட்டால் அவருக்குச் சம்மதம் என்று எழுதியும் வாங்கிவிட்டேன்.

ஆக, என் வாழ்நாளில் முதல்முறையாக ஓட்டை இல்லாமல் டிஸ்க் அனுப்புகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. பார்க்கக் கூடாது. ஒரு எழுத்து, ஒரு படம், ஒரு பெயர் கூடப் பார்க்காமல் துடைக்க வேண்டும். வந்த டிஸ்க்கையெல்லாம் திறந்து படித்து, ருசியானதை நோட்டில் குறித்துக்கொள்வது உங்கள் பழக்கம் என்று உங்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை இந்த ஏழுக்கும் மட்டும் மூட்டை கட்டி வையுங்கள்.

பார்சல் கட்டுவது என் வீட்டுக்காரர். அவர் கட்டினால் பிரிக்க அரை நாள் ஆகும், கத்தியைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


பிப்ரவரி 15

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வணக்கம், வணக்கம், வணக்கம்! மூன்று முறை எழுதக் காரணம் இருக்கிறது. மிஷின் எழுந்துவிட்டது!

முதலில் சம்பந்தி கட்டிய பார்சலுக்கு ஒரு கும்பிடு. ஸ்பாஞ்சு, அட்டை, பழைய போர்வை, மறுபடி ஸ்பாஞ்சு. டிஸ்க்கைத் தேடித் தேடி, காலிப் பார்சல்தான் அனுப்பியிருக்கிறார் என்றே நினைத்துவிட்டேன். கடைசியில் ஏழும் கைக்குழந்தைகள் மாதிரி தனித்தனித் துணியில் சுற்றி இருந்தன.

இத்தனை வருடம் ஓடாமல் கிடந்தால் டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு, படிக்கும் ஊசியோடு ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் கொடுத்தால் சுற்றாது, உள்ளே முனகும். அதற்கு ஒரு வைத்தியம் உண்டு. டிஸ்க்கைக் கையில் படுக்கவைத்து, மணிக்கட்டை வெடுக்கென்று ஒரு திருப்பு திருப்ப வேண்டும். சாவி திருகுகிற அளவுதான். கொஞ்சம் கூடினால் டிஸ்க் போச்சு, குறைந்தால் எழாது. லிஃப்ட் பிரேக்கை நாற்பது வருடம் தட்டித் தட்டிப் பழகிய கை, ஏமாற்றவில்லை. ஏழில் ஆறு எழுந்தன. எழாத ஒன்றைத் திருப்பி அனுப்புகிறேன். அதற்கு உங்கள் ஓட்டைதான் சரி.

இப்போது நிபந்தனைக்கு வருகிறேன். ஆறையும் துடைத்துவிட்டேன். ஒவ்வொன்றும் முதல் மூலையிலிருந்து கடைசி மூலைவரை பூஜ்யம் பூஜ்யமாக எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் எடுத்தது. திரையில் சதவீதம் மட்டும்தான் ஓடும். பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. விரல் துறுதுறுத்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு டிஸ்க் மேல் பூனை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. லாரி அலுவலகத்தில் பூனைக்கு என்ன வேலை என்று மண்டை குடைந்தது. "ஒரே ஒரு எட்டு பாத்துட்டுத் துடைச்சா யாருக்குத் தெரியப்போவுது?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். என் மனைவி நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு, பேப்பரை விரித்து உட்கார்ந்துகொண்டாள். "உங்களுக்குத் தெரியும்ல, அது போதாதா?" என்றாள். பூஜ்யத்தை ஓடவிட்டேன்.

கேளுங்கள், அந்தப் பூனை டிஸ்க்தான் ஆறிலும் ராஜா. சத்தம் அப்படிச் சுத்தம். அதைத்தான் பெண்ணின் மிஷினில் பொருத்தியிருக்கிறேன். பேராசைப்பட்டு அதே ஒயரில் இன்னொரு டிஸ்க்கையும் மாட்டினேன், மிஷின் செத்தது போல் கிடந்தது. ஒரு ஒயரில் இரண்டு டிஸ்க் இருந்தால் ஒன்று பெரியது, ஒன்று சின்னது என்று டிஸ்க்கின் பின்னால் இருக்கும் ஜம்பர் என்ற குட்டிச் செருகியை மாற்றிச் செருகிச் சொல்ல வேண்டும். இரண்டும் 'நான்தான் பெரியவன்' என்று நின்றால் எதுவுமே எழாது. "சம்பந்திங்க ரெண்டு பேரையும் ஒரு ஒயர்ல மாட்டின மாதிரி" என்றாள் வீட்டில். ஒன்றின் ஜம்பரை மாற்றினேன், இரண்டும் எழுந்தன. எழுபது வயதை நெருங்கும் ஆள், பின் அறையில் கை தட்டிக் குதித்தேன்.

ரொம்ப, ரொம்ப நன்றி.

இப்படிக்கு,
மகிழ்ச்சி தாங்காத சம்பந்தி


பிப்ரவரி 22

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படித்து வந்தேன், பூனை ஸ்டிக்கர் வரும்வரை.

அந்த டிஸ்க் லாரி அலுவலகத்துடையது இல்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாக வாங்கிய கம்ப்யூட்டருடையது. ஸ்டிக்கரை ஒட்டியவன் என் மகன், அப்போது அவனுக்குப் பத்து வயது. பால் திருட வரும் பூனையை நான் பிடிக்கிற மாதிரி, அதில் எனக்காக அவன் ஒரு விளையாட்டு எழுதி வைத்திருந்தான். மிஷின் போனபிறகு டிஸ்க்கை மட்டும் துணியில் சுற்றி பீரோ மேல் வைத்திருந்தேன். எல்லா டிஸ்க்குக்கும் ஓட்டை போடுகிற நான், என்னுடையதற்கு மட்டும் போடவில்லை.

எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கடிதத்தில் ஏழு என்று எழுதினேன், மரப்பெட்டியில் ஆறுதான் இருந்திருக்கிறது, நான் தப்பாக எண்ணியிருக்கிறேன். எழுதிய எண்ணிக்கை குறைந்தால் சம்பந்தி வீட்டில் மரியாதையாக இருக்காது என்று என் வீட்டுக்காரர் பீரோ மேலிருந்ததை எடுத்து ஏழாக்கிவிட்டார். "ஏழுன்னு எழுதியிருந்தியே" என்கிறார் பாவம், இன்னும் புரியாமல்.

இப்போது ஒன்று கேட்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் அதைத் திறந்து பார்த்தீர்கள், இல்லையா? பூனை என்ன என்று பார்க்காமல் உங்களால் இருந்திருக்க முடியாது. உள்ளே விளையாட்டைப் பார்த்ததும் உங்கள் வழக்கப்படி ஒரு நகல் எடுத்து வைத்திருப்பீர்கள். நான் திட்டுவேன் என்று பயந்து 'பார்க்கவில்லை' என்று எழுதிவிட்டீர்கள். திட்ட மாட்டேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். என் ஜென்மத்தில் முதல் தடவையாக, ஒருவர் எனக்குக் கொடுத்த வாக்கை மீறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

போனில் கேட்டிருக்கலாம். போனில் கேட்டால், பதில் சொல்லும் முன் நீங்கள் இழுக்கும் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

சம்பந்தி


பிப்ரவரி 27

சம்பந்தி அம்மாவுக்கு,

பார்க்கவில்லை அம்மா.

நகல் இல்லை. நோட்டில் ஒரு வரி இல்லை. என்னிடம் வந்த நூற்றுக்கணக்கான டிஸ்க்குகளில் நான் பார்க்காமல் துடைத்தவை இந்த ஆறு மட்டும்தான். அதில் ஒன்று இப்படி ஆக வேண்டுமா?

உங்கள் கடிதம் வந்ததும் பூனை டிஸ்க்கைக் கழற்றி, எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தேன். பூஜ்யத்தைத் தவிர எதுவும் இல்லை. நான் ஒழுங்காக வேலை செய்யும் ஆள் என்பதை வாழ்க்கையில் முதல்முறையாகச் சபித்தேன்.

என் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்ததை நினைத்து நினைத்து அழுகிறாள். "நான் சும்மா இருந்திருந்தா நீங்க பாத்திருப்பீங்க" என்கிறாள். வாக்குத் தவறாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று தெரியவில்லை. ஆனால் கேட்கிறேன். இந்த முறை தமாஷ் என்ற வரி வரவில்லை.

டிஸ்க்கைத் திருப்பி அனுப்புகிறேன். காலியாக இருந்தாலும் உங்களுடையது. ஸ்டிக்கர் மேல் கை படாமல்தான் எல்லாம் செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மார்ச் 21

அண்ணா,

இனிமேல் இப்படித்தான் கூப்பிடப் போகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மூன்று வாரம் பதில் போடவில்லை. முதல் வாரம் உங்கள் மேல் கோபம். பார்க்காதே என்றால் அப்படியே பார்க்காமல் இருந்துவிடுவதா என்று கோபம். கேட்டுப் பாருங்கள், எவ்வளவு நியாயமான கோபம் என்று. இரண்டாவது வாரம் என் வீட்டுக்காரர் மேல். அவர் இரண்டு நாள் தானே சமைத்துத் தானே சாப்பிட்டார். மூன்றாவது வாரம் டிஸ்க்கைக் கொண்டுபோய் டிரில்லுக்கு அடியில் வைத்தேன். காலி டிஸ்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "போடவா, வேணாமா?" என்று இவர் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். பூனை என்னைப் பார்த்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல் மகனிடம் சொன்னேன். எப்படி எடுத்துக்கொள்வானோ என்று பயந்துகொண்டே சொன்னால், அவன் ஒரே சிரிப்பு. "அம்மா, அதுல பூனை ஜெயிக்கவே முடியாது. நீ எப்பவும் ஜெயிக்கணும்னுதான் அப்படி எழுதினேன்" என்றான். இத்தனை வருடம் என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அண்ணா! "எனக்கு அது வரிக்கு வரி ஞாபகம் இருக்கு. மாமாவோட மிஷின் மட்டும் கிடைச்சா ஒரே வாரத்துல திரும்ப எழுதிடுவேன்" என்கிறான். சமையலறையில் நின்றபடி அழுதேன், சிரித்தேன். எது எப்போது என்று தெரியவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். பதினெட்டு வருடம் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தே பழகியவள் நான். எனக்கு ஒருவர் வாக்குக் கொடுத்து, நான் எட்டிப் பார்க்க முடியாத பின் அறையில், விரல் துறுதுறுக்க, பிடித்தமான ஒன்றைப் பார்க்காமல் விட்டது இதுதான் முதல்முறை. ஊரார் பெட்டியை மோந்து பார்ப்பவர் என்று இருபது பேர் முன்னால் சொன்னேனே, அந்த வார்த்தைக்கு நான் வெட்கப்படுகிறேன். அப்படி ஒரு வார்த்தையை என் கூடப்பிறந்தவரைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன். அதனால்தான் அண்ணா.

பூனை டிஸ்க் உங்களிடமே வருகிறது. பட்டறையில் ஓட்டை போடாமல் இரண்டு முறை என் வாசலைத் தாண்டிய டிஸ்க் அது ஒன்றுதான். அண்ணியிடம் அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்தது சரிதான்.

தங்கை


ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தில் முதல் வார்த்தையைப் படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். நீங்கள் என்றே எழுதிப் பழகிவிட்டது, தங்கச்சி என்று எழுதியதும் கை தானாக 'நீ'க்கு வந்துவிட்டது. பொறுத்துக்கொள்.

மிஷினை எடுத்துக்கொண்டு நம் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன். குழந்தை பிறக்கும் முன் தனியாக வரக் கூடாது என்று உத்தரவில் எங்கும் இல்லை, நன்றாகப் படித்துவிட்டுத்தான் போனேன். ஆறு மணி நேரம் அதை மடியில் வைத்திருந்தேன். கால் மரத்து, இறங்கும்போது ரயில்வே போர்ட்டர் என்னையும் சேர்த்து இறக்கினார்.

மாப்பிள்ளை வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் உட்கார்ந்துவிடுவார். பூனை டிஸ்க் 'கிர்ர்' என்று எழும், இவர் முகம் பத்து வயதுக்குப் போய்விடும். சமையலறை, பால் பாத்திரம், பதுங்கிப் போகும் பூனை, கொண்டை வைத்த ஒரு சதுரம். அந்தச் சதுரம் நீதானாம். பூனை மாட்டிக்கொண்டால் "மறுபடியும் நீயா!" என்று திரை முழுக்க ஓடுகிறது. கொண்டைச் சதுரம் பூனையை விட்டுவிடுமோ என்று பார்த்தேன், ஒரு தடவை கூட விடவில்லை, நீ அப்படித்தான்.

அதோடு நின்றிருந்தால் பழையதே திரும்பி வந்தது என்று எழுதியிருப்பேன். நம் பெண் சும்மா இருப்பாளா? வயிற்றில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே, "இன்னொரு சதுரம் போடுங்க, கண்ணாடி போட்டது" என்றாள். அது நான். இரண்டு சதுரமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் சண்டை பிடித்துக்கொள்கின்றன. சண்டை நடக்கும் நேரத்தில் பூனை நிதானமாகப் போய்ப் பாலை நக்கிவிட்டு மீசையைத் துடைத்துக்கொள்கிறது. இரண்டும் சண்டையை விட்டு ஒரே பக்கம் திரும்பினால் மட்டும்தான் பூனை சிக்கும். நான் ஒன்பது முறை ஆடினேன். ஒன்பது முறையும் பால் போச்சு. "ஒரு ஆளால முடியாது மாமா. கீபோர்டுல வலது பக்கச் சாவி ஒருத்தர், இடது பக்கச் சாவி ஒருத்தர். ரெண்டு பேர் சேர்ந்து ஆடணும்" என்றார் மாப்பிள்ளை. மிஷினை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பாக்கி இருந்ததையும் முடித்துவிடுகிறேன். உன் தொழில் முறைப்படி ஒரு தாள் இணைத்திருக்கிறேன்.

அண்ணன்

அழிப்புச் சான்று
அழிக்கப்பட்ட பொருள்: கல்யாணத்தன்று சாப்பாட்டு மேசையில் இருபது பேர் முன்னால் சொன்ன ஒரு வார்த்தை.
எண்ணிக்கை: ஒன்று.
நிலை: தமாஷ் இல்லை. தப்பு.
நகல்: என்னிடம் எதுவும் இல்லை. நாத்தனார் அம்மாவிடம் ஒன்று இருப்பதாகத் தெரிகிறது, அதற்கும் அவர் வீட்டுக்கே போய் நான் பொறுப்பேற்கிறேன்.
கையெழுத்து: லிஃப்ட் ரிப்பேர், ஓய்வு.


ஏப்ரல் 23

அண்ணாவுக்கு,

இன்று காலை மகன் போன் செய்தான். உங்களுக்கும் செய்திருப்பான், ஆனாலும் நான் எழுத வேண்டும். பேத்தி! இரண்டே முக்கால் கிலோ. தாயும் பிள்ளையும் சுகம். பிறந்த ஐந்தாவது நிமிடம் நர்ஸின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். "கேட்டீங்களா, பிடிச்சா விடாத குணம். ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்திருக்கு" என்றாள் மருமகள். நானும் இவரும் போனை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டோம்.

உங்கள் சான்று போன வாரமே கிடைத்தது. படித்தேன், இவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன், நாத்தனாருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு, "அண்ணி, நல்ல சம்பந்தி உங்களுக்கு" என்றாள். கசாப்புக் கடை என்று ஆரம்பிக்கவில்லை, முடிக்கவும் இல்லை.

என் முறைப்படி சான்றைக் கொண்டுபோய் டிரில்லுக்கு அடியில் வைத்தேன். தலைப்புக்கு மேலே, சரியாக நடுவில், ஒரே ஒரு ஓட்டை. பட்டறையில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எந்தக் கம்பெனி சான்று என்று கேட்கிறார்கள். குடும்பக் கம்பெனி என்கிறேன்.

ஊரார் பெட்டி என்று நான் சொன்ன வார்த்தைக்கும் ஒரு சான்று எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். நேரில் தருகிறேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம், போட்டாலும் வாங்க இங்கே ஆள் இருக்காது. வெள்ளிக்கிழமை காலை வண்டியில் நானும் இவரும் ஏறுகிறோம், பத்து மணிக்கு உங்கள் ஊருக்கு வரும். மூன்றாவது பெட்டி. உங்களுக்கும் அண்ணிக்கும் எதிர் சீட்டில் இடம் பிடித்து வைக்கிறேன். ஜன்னலோரம் எனக்கு, அதில் மட்டும் பேச்சே கிடையாது.

போய்ச் சேர்ந்ததும் முதலில் பேத்தி. அவள் தூங்கியதும் மிஷினைப் போடுங்கள். கண்ணாடி உங்களுக்கு வலது பக்கம், கொண்டை எனக்கு இடது பக்கம். பூனை இந்த முறை தப்பிக்காது.

உங்கள் தங்கை